அம்மன் அம்புக்கு ஒட்டிய இறக்கை

அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி பவானேஸ்வரி வீட்டுப் பின்கட்டில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இன்னும் கிடக்கிறது. உட்காருகிற இடத்தின் நடுவில், சுண்டு விரல் நுனி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அதில் யாரும் உட்காருவதில்லை, தூக்கி எறியவும் யாருக்கும் மனம் வரவில்லை. கோயில் தலைவர் இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டுப் பார்த்தார், கொடுக்கவில்லை. விஜயதசமி முடிந்து ஏழு மாதமாகிவிட்டது. இருந்தும் துணி எடுக்கப் போகும்போது அந்த ஓட்டை கண்ணில் பட்டால் பவானேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

ஆயர் குரோ தொழிற்பேட்டையில் அவளைத் தெரியாதவர்கள் குறைவு. ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் ரப்பர் குழாய், பிளாஸ்டிக் குழாய் செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தரம் பார்க்கிற வேலை. குழாயை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பாள். மயிரிழை அளவு கீறல் தெரிந்தாலும் அது சிவப்புப் பெட்டிக்குள் போய்விடும். மேனேஜர் வந்து நயமாகப் பேசினாலும் சரி, கத்தினாலும் சரி, போட்டதைத் திரும்ப எடுக்கமாட்டாள். அங்கே அவள் புலி. சாயங்காலம் ஐந்தரைக்குத் தொழிற்சாலை கேட்டைத் தாண்டினால் அந்தப் புலி எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது.

வெளியில் அவளுக்கு ஒரு பழக்கம். எதையும் ஒரு தடவைதான் சொல்வாள். கேட்டால் சரி, கேட்காவிட்டால் அதற்கு மேல் வாயைத் திறக்கமாட்டாள். தம்பி பழைய காடி வாங்கப் போனபோது இஞ்சின் சத்தம் சரியில்லை என்று ஒரு தடவை சொன்னாள். அவன் வாங்கினான். மூன்றாவது மாதமே நெடுஞ்சாலை ஓரத்தில் காடி புகை கக்கிக்கொண்டு நின்றது. "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லிக்கொள்வதில் அவளுக்கு ஒரு திருப்தி. சொல்லிவிட்டால் தன் பொறுப்பு தீர்ந்தது என்று நாற்பத்தாறு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தாள்.

அம்பு விஷயம் அவள் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு டீ-சட்டையால். பதினொரு வருடத்துக்கு முன்னால் தொழிற்சாலை விளையாட்டுக் குழுவில் வில் பிடிக்க ஒரு பெண் குறைந்தது. சேர்ந்தால் சட்டை இனாம் என்றார்கள், சேர்ந்தாள். எய்வதில் அவள் பெரிய கெட்டிக்காரி இல்லை, சுமார்தான். ஆனால் அம்பின் வாலில் ஒட்டியிருக்கிற அந்தச் சின்ன இறக்கைகள் அவளைப் பிடித்துக்கொண்டன. இவ்வளவு கனமில்லாத ஒரு பொருள்தான் அம்பு எங்கே போகிறது, எவ்வளவு தூரம் போகிறது என்று முடிவு செய்கிறது என்பதை முதல்முதலில் பார்த்தபோது அவளுக்கு நம்பவே முடியவில்லை.

நாளடைவில் ஞாயிற்றுக்கிழமைகளில் அலோர் காஜாவிலிருந்தும் ஜாசினிலிருந்தும் ஆட்கள் அம்புக் கட்டோடு அவள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். யாருக்கு எந்த இறக்கை என்று அவள் கணித்துச் சொல்வாள். பிளாஸ்டிக் இறக்கை மழைக்கு அசையாது, காற்றை மெல்லியதாகக் கிழித்துக்கொண்டு போகும், அதனால் அம்பு வெகுதூரம் செல்லும். பறவை இறகு வேறு மாதிரி. காற்றைப் பிடித்து இழுக்கும். அதுவும் அகலமான இறகாக இருந்தால் அம்பு சீறிக்கொண்டு கிளம்பும், கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கி விழுந்துவிடும். ஓர் அம்புக்கு ஒட்டுகிற இறகுகள் எல்லாம் பறவையின் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வரவேண்டும். இடதும் வலதும் கலந்தால் அம்பு குடித்துவிட்டு வருகிறவன் மாதிரி போகும். இதையெல்லாம் அவள் சமையலறை மேசையில், குழம்பு கொதிக்கிற நேரத்தில் செய்வாள்.

அவர்கள் குடியிருக்கும் தாமானுக்குப் பின்னால் இருப்பது பழைய தோட்டத்துக் கோயில். பால்மரங்களை வெட்டி வீடு கட்டியபோது மாரியம்மனுக்கென்று ஓரமாக ஒரு துண்டு நிலம் விட்டார்கள். கோயிலுக்கு முன்னால் திடல், தெற்கில் அன்னதானக் கூடாரம், கிழக்கில் காடி நிறுத்துகிற செம்மண் தரை, அதையும் தாண்டி ஒரு வாதாமரம். விஜயதசமி சாயங்காலம் அம்மன் குதிரை வாகனத்தில் திடலுக்கு வருவாள். அவள் சார்பில் குருக்கள் ஐந்து அம்பு விடவேண்டும். முதலாவது அசுரனுக்குப் பதிலாக நட்டுவைத்த வாழைமரத்துக்கு, மற்ற நான்கும் நான்கு திசைக்கு. விழுந்த அம்பை எடுத்துக்கொண்டுபோய்ச் சாமி அறையில் வைத்தால் வீட்டுக்கு நல்லது என்பது நம்பிக்கை. அதனால் அம்பு விடுகிற நேரத்தில் கூட்டம் குருக்களின் மூக்கு நுனிவரை வந்து நிற்கும்.

அந்த நாற்காலி ஓட்டையாவதற்கு முந்தின வருடம் மூங்கில் குச்சி அம்பு வில்லிலிருந்து நழுவிக் குருக்களின் கால் பெருவிரலிலேயே விழுந்தது. யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். கோயில் தலைவர் கணேஸ்வரன் லாரி வைத்துத் தொழில் செய்கிறவர், ரோஷக்காரர். கிளேபாங்கில் இருக்கும் அவருடைய சம்பந்தி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "உங்க அம்மனுக்குக் கை வலியா?" என்று கேட்டாராம். அந்த வார்த்தையை ஒரு வருடம் நெஞ்சில் சுமந்துகொண்டு அவர் பவானேஸ்வரி வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, நீதான் அம்பு செய்யிற ஆளாச்சே. இந்த வருசம் ஒழுங்கா பறக்குற மாதிரி அஞ்சு அம்பு செஞ்சு குடும்மா."

"கூட்டம் பக்கத்துல நிக்கும்ண்ணே. ரொம்பப் பறக்கக்கூடாது."

"அது உனக்குத்தான்லா தெரியும். நீ பாத்துச் செய்யி."

அவள் பார்த்துத்தான் செய்தாள். மூன்று நாள் யோசித்தாள். குருக்கள் இழுக்கும்போது பார்க்க அழகாக இருக்கவேண்டும் என்பதற்காகத் தன்னுடைய பழைய பயிற்சி வில்லையே எடுத்துக்கொண்டாள். அது கொஞ்சம் பலமான வில், ஆகவே அம்பு அடங்கிப் போகவேண்டும். அதற்காக வெட்டாத முழு அகல வான்கோழி இறகு, அம்புக்கு நான்கு. வாழைமரத்தில் குத்தி நிற்க வேண்டுமென்பதால் இரும்பு முனை. ஒரு சாயங்காலம் கணவர் ஹரிதாஸைத் திடலுக்கு அழைத்துக்கொண்டுபோய் எய்து பார்த்தாள். அம்பு சத்தத்தோடு கிளம்பி, மேலே போய், அப்புறம் என்னவோ நினைத்துக்கொண்டது போல் விழுந்தது. ஹரிதாஸ் எட்டு வைத்து நடந்து அளந்தார். ஐந்து தடவையும் முப்பது எட்டுக்குள் இருந்தது.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது நிர்வாகக் கூட்டம். செயலாளர் வசந்தன் அம்பைக் கையில் எடுத்து இறகைத் தடவினார்.

"இது என்ன இறகு, கோழியா?"

"வான்கோழி."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். விரதம் இருந்து, காப்புக் கட்டி, அம்மன் கையில் வான்கோழி இறகைக் கொடுப்பதா? மயிலிறகு வைக்கலாமே என்றார் ஒருவர். மயிலிறகு துவண்டுவிடும், அம்பைப் பிடிக்காது என்று பவானேஸ்வரி சொன்னாள். கடைசியில் கணேஸ்வரன் தீர்த்துவைத்தார்.

"பிளாஸ்டிக்ல இருக்கும்ல? மஞ்சளும் சிவப்புமா போடு. பாக்கவும் நல்லா இருக்கும், தீட்டும் இல்ல."

"பிளாஸ்டிக் காத்தப் பிடிக்காதுண்ணே. இந்த வில்லுக்கு ரொம்ப தூரம் போயிரும்."

"போகட்டும்லா. அம்மன் விடுற அம்பு பக்கத்துல விழுந்தா நல்லாருக்கா, தூரமாப் போனா நல்லாருக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். பவானேஸ்வரி, "சரிண்ணே" என்றாள். தொழிற்சாலையில் இதுவே ஒரு குழாயாக இருந்தால் சிவப்புப் பெட்டிக்குள் போயிருக்கும். இங்கே அவள் சொல்லவேண்டியதை ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. இந்த இடத்தை நினைத்தால் கதை சொல்கிற எனக்கே அவள்மேல் கோபம் வருகிறது.

இறகு ஒட்டிய ஐந்து அம்பையும் கட்டிக் காடியின் பின்பெட்டியில் போட்டாள். புதிதாக ஐந்து அம்புக்குச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் இறக்கை, மஞ்சளும் சிவப்புமாக. இறக்கை மாறியபோது வில்லையும் மாற்றியிருக்கவேண்டும். அவளுக்கு அது தோன்றாமல் இல்லை. ஆனால் அந்த வாரம்தான் ஹரிதாஸுக்குக் கண்புரை அறுவை முடிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் திடலுக்குப் போய் எய்து பார்க்க நேரமில்லை. குருக்கள் ஒல்லியான மனிதர், பாதிதான் இழுப்பார், போகாது என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள்.

விழா அன்று ஹரிதாஸ் கறுப்புக் கண்ணாடியோடு வந்தே தீருவேன் என்றார். கண்ணில் யார் முழங்கையும் படக்கூடாது, தூசி படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்பு பொறுக்கக் கூட்டம் பாயும் என்பது பவானேஸ்வரிக்குத் தெரியும். ஆகவே அவரைக் கூட்டத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளினாள். காடிகளையெல்லாம் தாண்டி வாதாமரத்து நிழலில், ஒரு வெள்ளை நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தாள். திடலிலிருந்து எண்பது எட்டுக்கு மேல் இருக்கும்.

"இங்கயே இருங்க. எந்திரிக்காதீங்க. முடிஞ்சதும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"சரி, போ" என்றார் அவர்.

ஆறு மணிக்கு உருமி மேளம் உச்சத்துக்கு ஏறியது. குருக்கள் முதல் அம்பை வாழைமரத்துக்கு விட்டார். மூன்றடி தூரம்தான். அம்பு பாதிவரை உள்ளே போய் நின்றது. கூட்டம் ஆர்ப்பரித்தது. கணேஸ்வரன் முகத்திலிருந்து ஒரு வருடத்துப் பாரம் இறங்கியது. குருக்களுக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. இரண்டாவது அம்பைக் கிழக்கே பார்த்து வானத்துக்குத் தூக்கி, நாணைக் காதுவரை இழுத்தார். ஒல்லி மனிதருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, விட்டார்.

கூட்டம் வழக்கம்போல் தரையைப் பார்த்தது. பிள்ளைகள் நாலு பக்கமும் ஓடி அம்பைத் தேடினார்கள். பவானேஸ்வரி ஒருத்திதான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சளும் சிவப்பும் சின்னதாகச் சுழன்றுகொண்டே மேலே போனது. அது தளரவில்லை. இறகாக இருந்தால் இந்நேரம் தலை குப்புற விழ ஆரம்பித்திருக்கும். அது தலைகளைத் தாண்டியது, காடிகளுக்கு மேலே வளைந்தது. பதினொரு வருடம் அம்பு போகிற போக்கைப் பார்த்த கண்ணுக்கு அது எங்கே இறங்கப்போகிறது என்று தெரிந்துவிட்டது. மேளத்தையும் மீறி, வாதாமரத்துப் பக்கமிருந்து 'டப்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. நடுவில் ஒரு வேன் நின்றிருந்தது. நாற்காலி தெரியவில்லை.

கூட்டத்துக்கு அப்போதுதான் அம்பு எவ்வளவு தூரம் போனது என்று புரிந்தது. கையைத் தலைக்கு மேலே கூப்பினார்கள், சிலர் கைதட்டினார்கள். குருக்கள் தெற்கே திரும்பி மூன்றாவது அம்பை நாணில் பூட்டிக்கொண்டிருந்தார். தெற்கில் அன்னதானக் கூடாரம். இருபது முப்பது பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள்.

பவானேஸ்வரி ஓடினாள். கிழக்கே இல்லை. குருக்களை நோக்கி ஓடி, வில்லுக்கு நேர் முன்னால் போய் நின்று, அம்பு முனை தன் நெஞ்சுக்கு நேராக இருக்க வில்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"விடாதீங்க சாமி."

"பவானி, என்னம்மா இது, தள்ளு" என்றார் கணேஸ்வரன்.

"விடாதீங்க சாமி. விடாதீங்க. விடாதீங்க."

எத்தனை தடவை சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்ததால் திடல் முழுக்க அந்த ஒரே வார்த்தை கேட்டது. மேளம் தானாக நின்றது. குருக்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வில்லைக் கீழே இறக்கினார். அதற்குப் பிறகுதான் அவள் கிழக்கே ஓடினாள்.

நாற்காலியின் நடுவில் அம்பு செங்குத்தாக நின்றது. உட்காரும் பலகையைத் துளைத்துக்கொண்டு மண்ணில் குத்தியிருந்தது. மேலே மஞ்சள் சிவப்பு இறக்கை, ஒரு கீறல்கூட இல்லாமல், அவள் ஒட்டியபடியே இருந்தது. நாற்காலியில் ஆள் இல்லை. ஆள் இல்லை என்பதுகூட அவள் புத்திக்கு உடனே எட்டவில்லை. குனிந்து பலகையைக் கையால் தடவி, உள்ளங்கையில் ரத்தம் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாரு என் நாற்காலியில குச்சி சொருகுனது?"

இரண்டு காடிகளுக்கு நடுவிலிருந்து ஹரிதாஸ் வந்தார். கறுப்புக் கண்ணாடி, இரண்டு கையிலும் காகிதப் பொட்டலம். பவானேஸ்வரி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிக்காதீங்கன்னு சொன்னேனே" என்றாள்.

"சுண்டல் தீந்துரும்னு போனேன்லா. உனக்கும் சேத்துத்தான் வாங்குனேன்."

அப்புறம்தான் அவர் நாற்காலிக்குக் கிட்டே வந்து, கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். பொட்டலம் ஒன்று கையை விட்டு நழுவியது. கொண்டைக்கடலை செம்மண்ணில் உருண்டதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் பின்னாலேயே வந்துவிட்டது. கணேஸ்வரனுக்கு முகத்தில் ரத்தமில்லை. நாற்காலியைப் பார்த்தார், ஹரிதாஸைப் பார்த்தார், "அம்மன் காப்பாத்திட்டா" என்றார். பின்னாலிருந்த ஒருவர், "அம்பு போன தூரத்தப் பாத்தீங்களா, சாமி சக்திதான்" என்றார். நாலைந்து பேர் அந்த அம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அம்மனைச் சொல்கிறார்களே, அந்த இறக்கையை ஒட்டியவள் இதோ மண்ணில் உட்கார்ந்திருக்கிறேனே, ஒருவர்கூட ஏன் என்னைத் திட்டவில்லை என்று பவானேஸ்வரிக்குத் திகைப்பாக இருந்தது.

குருக்கள் மட்டும் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னும் மூணு அம்பு பாக்கி இருக்கும்மா. பாதியில விடக்கூடாது. மொதல்ல செஞ்சியே, அந்த இறகு வெச்சது, அது இருக்கா?"

காடியின் பின்பெட்டியைத் திறந்து எடுத்து வந்தாள். வான்கோழி இறகு. வசந்தன் அதைப் பார்த்தார், எங்கேயோ பார்த்துக்கொண்டார். மூன்று அம்பும் மூன்று திசைக்கும் சீறிக்கொண்டு கிளம்பி, முப்பது எட்டுக்குள் விழுந்தன. பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு ஓடினார்கள்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, ஏழரை மணி சொட்டு மருந்துக்காக ஹரிதாஸ் கூடத்து நாற்காலியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தார். பவானேஸ்வரி மருந்துப் புட்டியோடு அவர் தலைமாட்டில் நின்றாள்.

"அம்பு எங்க எறங்கும்னு உனக்குத் தெரிஞ்சிருச்சுதானே?" என்று கேட்டார்.

"தெரிஞ்சது."

"ஆனா நீ மொதல்ல ஐயர்கிட்டத்தான் ஓடுன. வசந்தன் சொன்னாரு."

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"உங்ககிட்ட வந்தது வந்துருச்சு. அத நான் ஓடிப் பிடிக்க முடியாது. அடுத்தது இன்னும் அவர் கையில இருந்துச்சு."

சொல்லி முடித்ததும்தான் அவளுக்கே உறைத்தது. இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்த மனிதரை ஒரு நொடியில் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் ஓடியிருக்கிறாள். அப்படி ஒருத்தி தனக்குள் இருக்கிறாள் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அழுகைகூட வரவில்லை.

"சரியாத்தான் செஞ்ச" என்றார் ஹரிதாஸ். "புள்ளைங்க வரிசையா நின்னுச்சுங்க. நானா இருந்தாலும் அங்கதான் ஓடியிருப்பேன்."

"அன்னிக்குக் கூட்டத்துலயே நான் இன்னொரு தடவ சொல்லியிருக்கணும்ங்க. ஒரு தடவ சொல்லிட்டு விட்டுட்டேன். எல்லாம் அதனாலதான்."

"ஆமா. சொல்லியிருக்கணும்" என்றார். அவர் பொய் சமாதானம் சொல்கிற ஆள் இல்லை. தலையைச் சாய்த்தபடியே, ஒரு கண்ணை மட்டும் திறந்து, தலைகீழாகத் தெரிந்த அவள் முகத்தைப் பார்த்தார்.

"எங்கிட்டயும் நீ எந்திரிக்காதீங்கன்னு ஒரு தடவதான் சொன்ன, பவானி. நீ போனப்ப யோசிச்சுப் பாத்தேன். இன்னொரு தடவ சொல்லியிருந்தா, சரி, இவ்வளவு சொல்றாளேன்னு உக்காந்திருப்பேன்."

பவானேஸ்வரி புட்டியை அழுத்தினாள். மயிரிழைக் கீறலைப் பிடிக்கிற அந்தக் கைக்கு இந்தத் தடவை குறி தப்பியது. மருந்து கண்ணில் விழாமல் அவர் கன்னத்தில் விழுந்து வழிந்தது.